நாங்கள் கிளம்பும்வரை பழனியில்

மில் மேனேஜர் தண்டபாணி பொய் சொல்கிறார். என் முதலாளி மிஸ்டர் லிம் அந்தப் பொய்யின் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தவள் நான்.

நான் எழுதிப் பழகியவள் இல்லை. மலேசியாவில், கிள்ளானில், ஒரு பனியன் கம்பெனியில் துணியை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. எங்கள் துணிக்கு நூல் திண்டுக்கல் பக்கத்து மில் ஒன்றிலிருந்து வருகிறது. எங்கள் பனியனை வாங்குகிற ஐரோப்பாக்காரர்களுக்கு ஒரு தாள் வேண்டுமாம்: இந்த நூலில் குழந்தைகளின் கை படவில்லை என்று. லிம்முக்குத் தமிழ் தெரியாது. பெண்களிடம் பேச ஒரு பெண் வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். என் தாத்தா இந்தப் பக்கத்திலிருந்துதான் கப்பலேறினார் என்று வீட்டில் சொல்வார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. அதைத் தேடிப் பார்க்கிற ஆசையும் எனக்குக் கிடையாது.

முதல் நாள் திண்டுக்கல்லில் வெயிலையும் பிரியாணியையும் தவிர ஒன்றும் இல்லை. சீரகச் சம்பா அரிசி, குட்டி குட்டியாக. எங்கள் ஊரில் பிரியாணி என்று கொடுப்பதை இவர்கள் மாட்டுக்குக்கூட வைக்க மாட்டார்கள். லிம் இரண்டு தட்டு சாப்பிட்டார். டீ மட்டும் எங்கள் ஊரில் இழுத்து ஆற்றுகிற தே தாரேக்குக்குக் கிட்டே வராது, சும்மா இரண்டு வாய்தான் இருக்கிறது.

பக்கத்து மேஜையில் வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர் மில் வேலைக்கு ஆள் பிடிப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆம்பளையை வைத்தால் நாலாவது மாதம் சங்கம் என்று வந்து நிற்பான் என்றார் ஒருவர். மற்றவர் எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "பொட்டப் புள்ளைன்னா வெரல நீட்டுன எடத்துல நிக்கும்ப்பா. அதுவும் சின்னதுன்னா, எங்க நிக்கிறோம்னே அதுக்குத் தெரியாது." இரண்டு பேரும் சிரித்தார்கள்.

என்ன சொல்கிறார்கள் என்று லிம் கேட்டார். பிரியாணி நன்றாக இருக்கிறதாம் என்றேன். இந்தப் பயணத்தில் முதல் பொய் சொன்னவள் நான்தான். அதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டாம் நாள் மில். கேட்டில் கோலம் போட்டிருந்தார்கள். தண்டபாணி மாலையோடு நின்றார். வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, நல்ல குரல். குழந்தைகளைப் பற்றி யாராவது பேசினாலே அவருக்குக் கண் கலங்கும் என்று அவரே சொன்னார்.

உள்ளே இயந்திரச் சத்தத்தில் வாய் அசைவதுதான் தெரியும், பேச்சு கேட்காது. பஞ்சுத் தூசி எல்லா இடத்திலும் மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தது. நூற்கிற இயந்திரம் நீளமாக இருக்கும். நூல் அறுந்துகொண்டே இருக்கும். ஒரு பெண் முன்னும் பின்னும் நடந்து அறுந்த இழைகளை ஒட்டிக்கொண்டே போக வேண்டும். நான் துணி பார்க்கிறவள், ஆனால் இது எனக்குத் தெரியும். வரிசை வரிசையாக நூல் அறுந்து கிடந்தது. ஒட்ட ஆள் இல்லை. இயந்திரங்கள் மட்டும் ஓடின. வழக்கமாக அங்கே நிற்கிற யாரோ இன்றைக்கு இல்லை. அறுந்த இடங்களில் பஞ்சு திரண்டு தொங்கியது.

ஆள் குறைவா என்று கேட்டேன். "கல்யாண சீசன் மேடம்" என்றார் தண்டபாணி.

பேசுவதற்கு எங்களிடம் அனுப்பிய பெண்கள் எல்லோரும் வளர்ந்தவர்கள். எல்லோரும் ஒரே பதிலை ஒரே இடத்தில் மூச்சு வாங்கிச் சொன்னார்கள். "சந்தோசமா இருக்கோம், டிவி இருக்கு, வாரம் ஒருநாள் கறி." ஒருத்தியிடம் ஊர் பெயரைக் கேட்டேன். அதற்கும் "வாரம் ஒருநாள் கறி" என்றாள். பிறகு பயந்துபோய், பக்கத்தில் நின்ற விடுதி வார்டனைப் பார்த்தாள்.

விடுதியையும் காட்டினார்கள். கழுவி விட்ட சிமெண்ட் தரை. அறை அறையாகப் பாய்கள் சுருட்டி வைத்திருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடி சுவரில் என் நெஞ்சு உயரத்தில் மாட்டியிருந்தது. என் முகத்தைப் பார்க்க நான் குனிய வேண்டியிருந்தது. பின்பக்க முற்றத்தில் பாண்டி விளையாடுகிற கட்டங்கள் தெரிந்தன. தேய்த்துக் கழுவியும் போகவில்லை. ஒரு கட்டத்துக்குள் ஓட்டுச் சில்லு கிடந்தது, ஆட்டம் பாதியில் நின்ற மாதிரி.

அது பழைய கோலம் என்றாள் வார்டன். கோலத்தை லிம்முக்கு மொழிபெயர்த்தேன். பாண்டியை மொழிபெயர்க்கவில்லை. கோடு போட்டிருப்பதெல்லாம் சாட்சி ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மாலை நாங்கள் கிளம்புவதாக இருந்தது. அன்று காலையே லிம்முக்கு வயிறு கெட்டுவிட்டது. நேற்று மில்லில் வைத்த விருந்தா, முந்தின நாள் இரண்டாவது தட்டா, தெரியாது. இரண்டு நாள் தள்ளிப் போகலாம் என்று படுக்கையிலிருந்தே முனகினார். சும்மா உட்கார்ந்திருக்காமல் பழனி போய் வருகிறேன் என்று நான் தனியாக பஸ் ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஒட்டன்சத்திரம் தாண்டும் முன் டயர் போனது. மார்க்கெட் பக்கத்தில் அழுகின தக்காளி வாடை. கேரளா லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர் பதறவே இல்லை. ஜாக்கியைத் தேடி இன்னொரு பஸ்ஸுக்குப் போய், அந்த டிரைவரோடு டீயும் குடித்துவிட்டு வந்தார். கிள்ளானில் என்றால் இந்நேரம் நாலு பேர் வீடியோ எடுத்திருப்பார்கள்.

நாங்கள் ரோட்டோரம் நின்றபோது ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அந்த வெயிலிலும் எல்லா ஜன்னலும் மூடி, திரை இழுத்துவிட்டிருந்தது. முன்னால் 'சுற்றுலா' என்று அட்டை. உள்ளே ஆள் இருக்கிற மாதிரி ஒரு சத்தமும் வரவில்லை.

முருங்கைக்காய்க் கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்ற அம்மா சொன்னார்: "அது மில்லுப் புள்ளைக வண்டிங்க. வெள்ளைக்காரனுக பாக்க வந்தா சின்னதுகள எல்லாம் இப்படித்தான் ஏத்திட்டுப் போவாங்க. சாமி பாத்த மாதிரியும் ஆச்சுல்லீங்க."

சொல்லிவிட்டு முருங்கைக்காய் என்ன விலை போகும் என்ற கவலைக்குத் திரும்பிவிட்டார். மழை வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

பழனி அடிவாரத்தில் ஒரே கூட்டம். மொட்டைத் தலைகள், சந்தனம், குதிரை வண்டி. கடைக்காரர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு கல் மண்டபம் மட்டும் சத்தமில்லாமல் இருந்தது. நாற்பது பிள்ளைகள் இருக்கும். எல்லாம் பெண்கள். நேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் வாங்கவில்லை, விளையாடவில்லை, ஒருத்தி தோளில் ஒருத்தி இடிக்கவுமில்லை. பத்து வயது, பன்னிரண்டு வயது. மொட்டையடித்த தாத்தாவைக்கூட விடாமல் துரத்திய பொம்மைக்காரன், அந்தப் பிள்ளைகள் முன்னால் வந்ததும் வாயை மூடிக்கொண்டான். தாண்டியதும் மறுபடி கத்தத் தொடங்கினான். அங்கே யாருமே இல்லை என்பது போல ஜனம் ஒதுங்கிப் போனது.

நான் மண்டபத்து ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் ஒரு பிள்ளை தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு இறக்கை உடைந்த சிவப்புப் பட்டாம்பூச்சி கிளிப் தலையில். தூக்கத்தில் அவளுடைய இரண்டு கையும் மடியில் வேலை செய்துகொண்டிருந்தன. இடது கை எதையோ பிடித்தது. வலது கை விரல் திருகியது, விட்டது. மறுபடி பிடித்தது. அறுந்த நூலை ஒட்டுகிறாள். அவளுக்கு அந்தப் பக்கம் தூங்கிய பிள்ளையின் விரலும் அதையேதான் செய்தது.

அவள் தானாக விழிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

கண் விழித்ததும் என் கையிலிருந்த பஞ்சாமிர்த டப்பாவைப் பார்த்தாள். கொடுத்தேன். பெயர் என்னம்மா என்றேன்.

"மகேஸ்வரி. வயசு பத்தொம்பது."

வயதை நான் கேட்கவில்லை. கோரைப்பல் இப்போதுதான் ஈறைக் கிழித்துக்கொண்டு பாதி வந்திருந்தது அவளுக்கு. லீவா என்று கேட்டேன்.

"நேத்தே வந்துட்டோம்க்கா. ராத்திரி மட்டும் வண்டியில வேற எடம் கூட்டிட்டுப் போவாங்க. ஃபாரின்காரங்க போற வரைக்கும் இங்கதான்."

அவள் பாட்டி வயது எனக்கு. அக்கா என்கிறாள். நான்தான் அந்த ஃபாரின்காரி என்று அவளுக்குத் தெரியவில்லை. சாமியிடம் என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். விரலை நக்கிக்கொண்டே சொன்னாள்:

"அவங்க இன்னும் ரெண்டு நாளு இருக்கணும்னு. இங்கன்னா செத்த நேரம் உக்காரலாம்ல."

நானும் பத்து வயதில் ரப்பர் எஸ்டேட்டில் அம்மாவோடு வாளி தூக்கி ஒட்டுப்பால் பொறுக்கியவள்தான். வறுமையைப் பார்த்து மயங்கி விழுகிறவள் இல்லை. ஆனால் உட்காருவதற்காக நான் சாமி கும்பிட்டதில்லை.

மேற்பார்வைக்கு வந்த பெண் விசில் ஊதினாள். பிள்ளைகள் எழுந்தார்கள். ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண் சொல்லிக்கொண்டு போனாள், பெயர் சொல்லவில்லை. என் பக்கத்துப் பிள்ளையின் தலையைத் தொட்டபோது, அவள் கையிலிருந்த டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பத்து நிமிடத்தில் மண்டபம் காலி.

நான்காம் நாள் நான் செய்தது பெரிய முட்டாள்தனம். எங்கள் ஊரில் ஒரு தொழிற்சாலைக்குப் போவதென்றால் முதலில் போன் செய்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போவோம். அந்தப் புத்தியில் காலை ஏழு மணிக்கே தண்டபாணிக்குப் போன் செய்தேன். மகேஸ்வரி என்கிற பிள்ளையைப் பழனியில் பார்த்தேன், பன்னிரண்டு வயதுகூட இருக்காது, இன்றைக்கு மத்தியானம் வருகிறேன், அவளை என் முன்னால் கொண்டு வாருங்கள் என்றேன். கோபத்தில் கத்தினேன் என்று நினைக்கிறேன். அவர் கத்தவில்லை. "தாராளமா வாங்க மேடம், சாப்பாடு இங்கயே வச்சுக்கலாம்" என்றார்.

போனேன். டீ வந்தது. பத்து நிமிடத்தில் மகேஸ்வரியும் வந்தாள்.

வேறு பெண். நல்ல உயரம், கழுத்தெலும்பு தெரிகிற உடம்பு. புது யூனிபார்ம், மடிப்பு கலையவில்லை. தலையில் சிவப்புப் பட்டாம்பூச்சி கிளிப், ஒரு இறக்கை இல்லை. கையில் பஞ்சாமிர்த டப்பா, பாதி தின்றது.

"அக்கா, நேத்து நான்தான் உங்ககிட்ட பேசுனேன்" என்றாள். நான் கேட்டது, அந்தப் பிள்ளை சொன்னது, எல்லாவற்றையும் வரிசை மாறாமல் சொன்னாள். வேண்டுதலைக்கூடச் சொன்னாள். கண் எனக்கும் தண்டபாணிக்கும் நடுவில் பின்னால் தெரிந்த சுவரைப் பார்த்தது. நடுவில் ஒருமுறை இருமல் வந்தது. நிற்கவே இல்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

தண்டபாணி அடையாள அட்டையை என் முன்னால் வைத்தார். அவள் படம், அவள் பெயர், வயது பத்தொன்பது, எல்லாம் சரி. "வெயில் ஒத்துக்கல போல மேடத்துக்கு" என்றார், மிகவும் அன்பாக.

அந்த அறையில் ஒரு நிமிடம் எனக்கே சந்தேகம் வந்தது. மண்டபத்தில் நான் பார்த்தது இவளைத்தானோ? அதுதான் அவருடைய சாமர்த்தியம். அட்டையில் இருந்ததை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன், ஊர் முகவரியோடு. அதை மட்டும் அவர் தடுக்கவில்லை. தடுத்தால் நன்றாக இருக்காது என்று விட்டிருப்பார்.

மில் வாசலில் ஆட்டோவோடு காத்திருந்தவர் திண்டுக்கல் பேகம்பூர்க்காரர், ரஹீம் பாய். நான் ஏறின வேகத்தைப் பார்த்து என்ன ஆச்சு என்றார். சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. அக்கா கார்டில் தங்கச்சி வேலைக்குப் போவது இங்கே வழக்கமாம். உள்ளே போகும் நாளிலிருந்து அவளுக்கு அக்கா பெயர்தான். யாராவது கேட்டால் மூத்தவளைக் காட்டிவிடுவார்கள்.

"எல்லாருக்கும் தெரியும் மேடம். சோத்துக்கு வழி இல்லாத சனம், நாம என்னத்தக் கேக்குறது?"

தெரிந்தும் சும்மா இருக்கிறீர்களா என்றேன். நாளைக்கும் இதே ரோட்டில் சவாரி ஓட்ட வேண்டுமே என்றார். லாட்ஜில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். ஐந்தாம் நாள் காலை, நான் கூப்பிடாமலே, லாட்ஜ் வாசலில் ஆட்டோவோடு நின்றார். அந்த முகவரிக்கு அவர்தான் கூட்டிப் போனார்.

வேடசந்தூர் பக்கம் ஒரு கிராமம். சின்ன வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது. ரோட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எதிர் வீட்டுப் பெண் ஒருத்தி நல்லவள். மகேஸ்வரி வீடு எது என்றதும் கையைக் காட்டினாள். நேற்று விடியற்காலை மில் வண்டி வந்து பெரியவளைக் கூட்டிப் போனதாகவும், இருமலோடு வீட்டில் கிடந்த பிள்ளையை இப்போது எதற்கு என்று தெரியவில்லை என்றும் சொன்னாள்.

அவ்வளவு விடியலில் என்றால், நான் போன் செய்வதற்கும் முன்னால். விசில் ஊதியவள் முந்தின நாளே சொல்லியிருக்கிறாள். என் போன் அவர்களுக்குப் பெயரை உறுதி செய்து கொடுத்தது, அவ்வளவுதான்.

பெரியவள் என்றால் சின்னவள் ஒருத்தி இருக்கிறாளா என்று கேட்டேன்.

"ஆமா, சின்னவ ரெண்டு வருசமா மில்லுலதான..." என்று தொடங்கினாள். அதற்குள் அந்த வீட்டு ஆள் வெளியே வந்துவிட்டார். மகேஸ்வரியின் அப்பா. தோளில் துண்டு. என்னைப் பார்க்காமல் எதிர் வீட்டுப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார்: "எங்களுக்கு ஒரே புள்ளதான்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அந்தச் சின்னவளுக்கு என்ன பெயர் என்று பக்கத்து வீட்டில் கேட்டேன். அந்தக் கதவும் சாத்திக்கொண்டது. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே இழுத்துக்கொண்டார்கள். காலை பத்து மணி. நான் ஒவ்வொரு வாசலாகப் போகப் போக எனக்கு முன்னால் கதவுகள் சாத்திக்கொண்டே போயின. கடைசியில் ரோட்டில் வெங்காயமும் நானும் மட்டும் இருந்தோம். யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. கல்லெடுத்து எறிந்திருந்தால்கூட எனக்குத் தைரியமாக இருந்திருக்கும்.

ஆட்டோவில் ஏறும்போது மகேஸ்வரியின் அம்மா வந்தாள். சொம்பில் தண்ணீர். புருஷன் பார்த்துக்கொண்டிருந்தார். "வெயில்ல வந்திருக்கீக, குடிச்சிட்டுப் போங்க" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். நான் சொம்பை வாங்கியபோது என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. உதடு அசையாமல் கேட்டாள்:

"சின்னவள எங்க வச்சிருக்காகன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

அதுவரை சின்னவள் மில்லில் இருக்கிறாள், ஒளித்துவைத்திருக்கிறார்கள், அம்மா அப்பாவுக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். இவளுக்கும் தெரியாது. அவள் பெயர் என்னம்மா என்று கேட்டேன். வாயைத் திறந்தாள். பின்னாலிருந்து புருஷன் கூப்பிட்டார். சொம்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். பெரிய மகள் மில்காரர்கள் கையில் இருக்கிறாள். வேறு என்ன செய்வாள்?

திரும்பும் வழியில் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் ஏறினேன். காணாமல் போன பிள்ளையின் பெயர் என்ன என்றார்கள். மகேஸ்வரி என்ற பெயரில் இருந்தவள் என்றேன். ஒருவர் மில்லுக்குப் போன் போட்டார். மகேஸ்வரி நல்லபடியாக இருக்கிறாளாம் மேடம், பேசுகிறீர்களா என்று போனை என்னிடம் நீட்டினார். அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்டது. பெற்றவர்கள் புகார் கொடுக்கட்டும், பெயராவது கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு அரசு அலுவலகத்தில் மனு கொடுத்தேன். பிள்ளையின் பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டதால் மனு முழுமையாக இல்லை என்றார்கள்.

லிம் படுக்கையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டே அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். 'குழந்தைகள் யாரும் காணப்படவில்லை.' சத்தியமான வாக்கியம்தான், அவர் கண்டது மில்லை மட்டும். இது நம் நாடு இல்லை, நூல் நல்ல நூல் என்றார். மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. ஊர் திரும்பிய மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்காக இதை எழுதவில்லை. துணி பார்க்கிற வேலை வேறு இடத்திலும் கிடைக்கும்.

மூன்று வாரம் ஆகிறது. ரஹீம் பாய் இரண்டு முறை அந்த ஊர் வழியாகப் போய்ப் பார்த்துவிட்டுப் போனில் சொன்னார். பெரியவள் மில்லிலேயே இருக்கிறாள். சின்னவள் வீட்டுக்கு வரவில்லை.

தண்டபாணி சார், நீங்களும் எனக்குப் போன் செய்தீர்கள். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றீர்கள். என்னோடு பேச உங்களுக்கு ஒன்றும் இல்லை. மகேஸ்வரியையும் மறுபடி காட்ட வேண்டாம், அவளைப் பார்த்துவிட்டேன், அவளை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பழனியில் என் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கின பிள்ளைக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்ன? அவளை எங்கே வைத்திருக்கிறீர்கள்? ஆபீஸ் அறைக்குள் வேண்டாம், வக்கீல் கடிதத்திலும் வேண்டாம். மில் கேட்டுக்கு வெளியே ரோட்டில் வந்து நில்லுங்கள். அந்த அம்மாவை எதிரே நிறுத்தி, ஊர்க்காரர்கள் காதில் விழும்படி பதில் சொல்லுங்கள்.